சாராம் வேறு, சாராங் வேறு

கொரிய மொழியில் ‘சாராம்’ என்றால் மனிதர். ‘சாராங்’ என்றால் அன்பு. கடைசி ஒலி ஒன்றுதான் வித்தியாசம். முதல் சொல்லில் உதடு மூடும், இரண்டாவதில் மூடாது. கொரிய நாடகங்களை விடிய விடியப் பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ‘சாராங்ஹே’ நன்றாகவே தெரியும். ஆனால் கொரிய மொழி படிக்கத் தொடங்கிப் பத்தே நாள் ஆன 18 வயது அமெரிக்கப் பையன் ஒருவன், எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் ‘கடவுளின் அன்பு’ என்று சொல்ல வாயெடுக்கும்போது ‘கடவுளின் மனிதர்’ என்று வந்துவிடுகிறது. ‘காம்சா’ என்றால் நன்றி, ‘காம்ஜா’ என்றால் உருளைக்கிழங்கு. அந்த இடறலிலும் விழாமல் தப்பியவர்கள் குறைவு.

அந்தப் பையன் இருக்கும் இடம் யூட்டா மாநிலத்தின் ப்ரோவோ நகரம். மலையடிவாரத்து ஊர் அது. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தை ஒட்டி அங்கே ஒரு பெரிய பயிற்சி வளாகம் இருக்கிறது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை தன் பிள்ளைகளை உலகெங்கும் ஊழியத்துக்கு அனுப்புமுன் தயார் செய்யும் இடம் அதுதான். வெளியுலகம் நெடுங்காலமாக மோர்மன் சபை என்று அழைத்துவந்த சபை இது. ஆண்கள் 24 மாதம், பெண்கள் 18 மாதம் ஊழியம் செய்கிறார்கள். 2012 அக்டோபரில் சபை வயது வரம்பை இறக்கியது. ஆண்களுக்கு 19 என்றிருந்தது 18 ஆனது, பெண்களுக்கு 21 என்றிருந்தது 19 ஆனது. அதன் பிறகு, பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு பெட்டி கட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

எந்த நாட்டுக்குப் போவது என்பதை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. விண்ணப்பம் போடுகிறார்கள், காத்திருக்கிறார்கள். டாக்டர் சான்றிதழ் வேண்டும், பல் டாக்டர் சான்றிதழும் வேண்டும். பின்னால் தொல்லை கொடுக்கக்கூடிய ஞானப்பல்லைக் கிளம்புமுன்பே பிடுங்கிக்கொள்கிற பிள்ளைகள் நிறைய. பிறகு தலைமையகமான சால்ட் லேக் சிட்டியிலிருந்து பதில் வருகிறது. 2018 வரை அது தபாலில் வரும் பெரிய வெள்ளை உறை. தாத்தா பாட்டி, சித்தப்பா பெரியப்பா, அக்கம்பக்கத்தார் என்று வீடு நிறையக் கூடி நிற்க, பையன் அதைப் பிரித்து உரக்கப் படிப்பான். இப்போது அந்த உறை மின்னஞ்சலாக மாறிவிட்டது, ஆனால் கூட்டம் மாறவில்லை. ‘கொரியா, புசான். கொரிய மொழியில் ஊழியம் செய்வதற்கான பயிற்சி’ என்று திரையில் இரண்டு வரி. அதுவரை கொரியாவை வரைபடத்தில் தேடிக்கூடப் பார்த்திராதவனுக்கு அடுத்த இரண்டு வருட வாழ்க்கை அந்த இரண்டு வரியில் முடிவாகிவிடுகிறது.

இது சம்பளமில்லாத வேலை என்பதோடு, செலவையும் ஊழியர்களோ அவர்கள் குடும்பமோதான் ஏற்கிறார்கள். 2020 ஜூலை முதல் அமெரிக்க ஊழியர்கள் மாதம் 500 டாலர் கட்ட வேண்டும் என்று ஆனது. எந்த நாட்டுக்குப் போனாலும் அதே தொகைதான். 24 மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 12,000 டாலர். புல் வெட்டியும், ஹோட்டலில் தட்டு கழுவியும் பள்ளிக் காலத்திலிருந்தே சேர்க்கிறவர்கள் உண்டு. அப்புறம் கொரிய அரசு மத ஊழியர்களுக்குத் தரும் டி-6 விசா வாங்க வேண்டும். கோட்டு, அரை டஜனுக்கு மேல் வெள்ளைச் சட்டை, நடந்து தேயாத பூட்ஸ், குளிர்காலக் கனத்த கோட்டு எல்லாம் எடுத்தாக வேண்டும். அத்தனை சாமானிலும் அவன் அதிகம் தொட்டுப் பார்ப்பது சட்டைப் பையில் குத்தும் கறுப்புப் பெயர்ப்பலகையைத்தான். அதில் அவன் குடும்பப் பெயர் கொரிய எழுத்தில் இருக்கும், கூடவே ‘ஜாங்நோ’ என்ற பட்டம். மூப்பர் என்று பொருள். மீசை சரியாக முளைக்காத வயதில் மூப்பர்! பெண்களுக்கு ‘ஜாமே’, அதாவது சகோதரி. தன் பெயர் எழுதியிருப்பதைத் தன்னாலேயே படிக்க முடியவில்லை என்பதுதான் பலருக்கு முதல் அதிர்ச்சி.

படிக்க எவ்வளவு காலம் கிடைக்கிறது? ஏறத்தாழ 9 வாரம். அதில் தொடக்கப் பகுதி வீட்டிலிருந்தபடியே காணொளி வழியாகவும் மிச்சம் ப்ரோவோவிலும் நடக்கிறது. ஸ்பானிஷ் படிக்கிறவர்களுக்கு 6 வாரமே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். கொரியனின் கடினம் என்ன என்பதற்கு வேறோர் அளவுகோல் இருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்றுக்கொடுக்க ஒரு நிறுவனம் நடத்துகிறது. ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு மிகக் கடினமான மொழிகள் என்று அது ஒதுக்கியிருக்கும் பட்டியலில் அரபு, சீனம், ஜப்பானியத்தோடு கொரியனும் உண்டு. அதை வேலைக்கு ஆகும் அளவுக்குக் கற்க 88 வாரம், 2,200 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. முதிர்ந்த அதிகாரிக்கு 88 வாரம், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பையனுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு.

அதனால் நாள் முழுக்க மொழிதான். காலை 6:30க்கு எழுந்தால் இரவு 10:30க்கு விளக்கணைப்பது வரை ஓட்டம். ஆசிரியர்கள் பெரும்பாலும் கொரியாவில் ஊழியம் முடித்துத் திரும்பிய பல்கலைக்கழக மாணவர்கள். இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர்கள், அண்ணன் அக்கா மாதிரி. அவர்கள் இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் அல்ல. முதல் வாரத்திலேயே ஓர் ஆசிரியர் தான் ஊழியத்தில் சந்தித்த கொரியர் ஒருவராக நடிக்கத் தொடங்கிவிடுவார். இரண்டு மாணவர்கள் கதவைத் தட்டி, செருப்பைக் கழற்றிவைத்து, குனிந்து வணங்கி, உள்ளே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்து பேச வேண்டும். அவர் ஆங்கிலம் தெரியாதவராகவே இருப்பார். கையில் ஒரு சின்ன நோட்டு, மனப்பாடம் செய்த ஆறேழு வாக்கியம். அது தீர்ந்ததும் அறையில் மௌனம் விழும். சிரித்துச் சமாளிக்கலாம், வியர்வையைத் துடைத்துக்கொள்ளலாம், ஆனால் எழுந்து ஓட முடியாது. ஒரு மொழியைத் தொண்டையில் இறக்குவதற்கு இதைவிட நல்ல வழி இருப்பதாகத் தெரியவில்லை.

எழுத்து மட்டும் அவனைச் சோதிப்பதில்லை. அதற்கு அவன் 15ஆம் நூற்றாண்டு மன்னர் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். சீன எழுத்தைப் படிக்க வழியில்லாத குடிமக்கள் தங்கள் குறையை எழுதக்கூட முடியாமல் தவிக்கிறார்களே என்று நினைத்த சேஜோங் மன்னர் 1443இல் ஒரு புதிய எழுத்தை உருவாக்கி 1446இல் நாட்டுக்கு அறிவித்தார். அதுதான் ஹங்குல். க ஒலிக்கான எழுத்து, அடிநாக்கு தொண்டைப் பக்கம் எழும்பும் வடிவம். ந ஒலிக்கு நுனிநாக்கு மேலே தொடும் வடிவம். ம ஒலிக்கு வாயைக் குறிக்கும் சின்னக் கட்டம். உயிரெழுத்துக்கு வானம், பூமி, நிற்கும் மனிதன் ஆகிய மூன்றுமே மூலம். ஒலி பிறக்கும் இடத்தையே படமாக வரைந்து எழுத்தாக்கிய அந்த அறிவைப் பார்க்கும்போது, பிறப்பியல் என்று தனி இயலே எழுதிவைத்த தொல்காப்பிய மரபில் வளர்ந்த நமக்கு உடம்பு சிலிர்க்கும். இன்றைய ஹங்குலில் 14 மெய், 10 உயிர் என அடிப்படை எழுத்துகள் 24. ஓரிரு நாளில் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம்.

ஒலிதான் பாடாய்ப் படுத்துவது. கொரியனில் ‘ப’ வகை ஒலியே மூன்று உண்டு. மென்மையாகச் சொன்னால் ‘புல்’ என்பது நெருப்பு. தொண்டையை இறுக்கிச் சொன்னால் கொம்பு. மூச்சை ஊதிச் சொன்னால் புல், ஆம், நம் புல்தான்! ஆங்கிலக் காதுக்கு மூன்றும் ஒன்றாகவே கேட்கிறது. கூடவே, சொல்லின் முதலில் ‘க’ என்று வல்லினமாக ஒலிக்கும் எழுத்து இரண்டு உயிருக்கு நடுவே வந்தால் மெலிந்துவிடுகிறது. இது நமக்குப் பழகிய சங்கதி. ‘கடல்’ என்பதிலும் ‘அகல்’ என்பதிலும் ஒரே ககரத்தை வேறு வேறாகச் சொல்ல எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அமெரிக்கப் பையனுக்கோ அது பல வாரப் பயிற்சி.

வாக்கிய அமைப்பும் அப்படியே. ‘நா-நுன் க்யோஹ்வே-ஏ காம்னிதா’ என்றால் ‘நான் சபைக்குப் போகிறேன்’. சொல்லுக்குச் சொல், உருபுக்கு உருபு அதே வரிசை. வினை கடைசியில்தான் வரும். ஆங்கிலத்தில் இரண்டாம் சொல்லிலேயே வினையைச் சொல்லிப் பழகியவன், கொரியனில் வாக்கியம் முடியும்வரை அதை மனதில் சுமந்துகொண்டே போக வேண்டியிருக்கிறது. எண்களில் இரண்டு வரிசை, ஒன்று சொந்தம், இன்னொன்று சீன வழி வந்தது. மணி மூன்று முப்பது என்று சொல்ல, மூன்றுக்குச் சொந்த எண்ணையும் முப்பது நிமிடத்துக்குச் சீன எண்ணையும் எடுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது மரியாதை. கொரியனில் எதிரே இருப்பவர் யார் என்று தெரியாமல் வினையை முடிக்கவே முடியாது. நண்பனிடம் ‘பாப் மொகொஸ்ஸோ?’ (சோறு சாப்பிட்டியா?) என்று கேட்கலாம். பாட்டியிடம் அப்படிக் கேட்டால் வீடே திகைத்துப்போகும். அங்கே சோற்றின் பெயரே ‘ஜின்ஜி’ என்று மாறுகிறது, சாப்பிடுவதற்கும் வேறு வினை. வீடு, பெயர், வயது ஆகியவற்றுக்கும் பெரியவர்களுக்கென்று தனிச் சொல். ‘சாப்பிட்டீங்களா?’ என்பதுதான் அங்கேயும் நலம் விசாரிப்பு. வா, வாங்க என்ற இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பால்குடி வயதிலேயே உணர்ந்துவிடும் நமக்கு இது புரியும். ஜனாதிபதியையும் நாய்க்குட்டியையும் ஒரே ‘யூ’வால் அழைத்து வளர்ந்தவனுக்கு இது மொழிப்பாடம் மட்டுமல்ல, உலகத்தைப் பார்க்கும் விதத்தையே மாற்றிக்கொள்ளும் பாடம். ஜெபத்துக்குப் போனால் இன்னும் உயரம். ‘ஹானாநிம் ஆபொஜி’ (பிதாவாகிய தேவனே) என்று தொடங்கும் ஜெபத்தில், கடைத்தெருவில் எங்கும் கேட்காத பழைய அரண்மனை விகுதிகள் வருகின்றன. அதனால் முதல் சில வாரங்கள் அவன் நிலைமை விசித்திரமானது. கடவுளிடம் அரசவைக் கொரியனில் பேசத் தெரியும், கடையில் ஒரு சோப்பு கேட்கத் தெரியாது.

இந்தப் பாதையில் வெகு முன்பே நடந்தவர்களுக்கு வகுப்பறையும் கிடையாது, புத்தகமும் கிடையாது. ஜான் ராஸ் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் மஞ்சூரியாவில் இருந்தார். கொரியா அப்போது வெளிநாட்டாருக்குக் கதவடைத்த நாடு, வெளிநாட்டானுக்கு மொழி சொல்லிக்கொடுப்பதே ஆபத்து. எல்லையில் சரக்கை ஆற்றில் பறிகொடுத்து நின்ற யீ உங்-சான் என்ற வியாபாரி அவருக்கு ரகசியமாகக் கற்றுக்கொடுத்தார். 1877இல் ராஸ் வெளியிட்ட கொரியப் பாடநூலில் ஒரு சின்னப் புதுமை இருந்தது. அதுவரை சொற்களை இடைவெளி விடாமல் ஒரே சங்கிலியாக எழுதுவதே கொரிய வழக்கம். ராஸ் சொல்லுக்குச் சொல் இடம் விட்டு எழுதினார். 1896இல் வந்த ‘தொங்னிப் சின்முன்’ என்ற செய்தித்தாள் முழுக்க ஹங்குலில், அதே இடைவெளியோடு அச்சாகியது. இன்று எந்தக் கொரியரும் அந்த இடைவெளி இல்லாமல் எழுதுவதில்லை. ஒரு மாணவர் தன் வசதிக்குப் போட்டுக்கொண்ட இடைவெளி இன்று அந்த மொழியின் எழுத்துமுறையாகவே நிற்கிறது.

1885 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. இஞ்சியோன் துறைமுகத்தில் ஹொரேஸ் அண்டர்வுட்டும் ஹென்றி அப்பென்செல்லரும் வந்திறங்கினார்கள். அண்டர்வுட்டுக்கு வயது 25. அவர் முதலில் வர விரும்பியது இந்தியாவுக்கு! ஜப்பானில் காத்திருந்த வாரங்களில் யீ சு-ஜொங் என்ற கொரியரிடம் கொஞ்சம் மொழி கற்றுக்கொண்டார். அதே யீ சு-ஜொங் மொழிபெயர்த்த மாற்கு நற்செய்தி அவர்களுக்கு முன்பே அச்சாகித் தயாராக இருந்தது. 1890இல் அண்டர்வுட் பேச்சுக் கொரியனுக்கு ஒரு நூலும் ஓர் அகராதியும் வெளியிட்டார். அப்பென்செல்லரோ 1902இல் பைபிள் மொழிபெயர்ப்புக் கூட்டத்துக்குக் கப்பலில் போகும்போது, கப்பல்கள் மோதிக் கடலில் மூழ்கிப்போனார்.

நமக்கு நெருக்கமானவர் ஹோமர் ஹல்பர்ட். 1886இல் அரசு பள்ளிக்கு ஆங்கில ஆசிரியராக வந்தார், பிறகு மெதடிஸ்ட் மிஷனரியாகவே திரும்பி வந்தார். படித்த மேல்தட்டினர் சீன எழுத்தையே பெருமையாகக் கருதி ஹங்குலை ஒதுக்கிய காலத்தில், அந்த ஹங்குலிலேயே உலக நாடுகளைப் பற்றி ஒரு பாடநூல் எழுதியவர் அவர். கொரிய வாக்கியத்தை உற்றுப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. 1905இல் கொரிய மொழியையும் இந்தியாவின் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலே சோலில் வெளியிட்டார். அந்தக் காலத்தில் திராவிட மொழிகளைப் பற்றி வெளிநாட்டில் ஒருவர் அறிய வேண்டுமானால் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணமே வாசல். இடையன்குடியில் உட்கார்ந்து ஒரு மிஷனரி செய்த வேலை, சோலில் இன்னொரு மிஷனரியின் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ‘நா’ என்றால் நான், ‘நொ’ என்றால் நீ, ‘அப்பா’ என்றால் அப்பாவேதான். கேட்டதும் மனம் துள்ளும். ஆனால் இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் என்பதை மொழியியலாளர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை, தற்செயல் ஒற்றுமையும் ஒத்த அமைப்பும் என்பதே இன்றைய நிலை. ஹல்பர்ட் கொரிய விடுதலைக்காக வாதாடியவர். 1949இல் 86 வயதில் மீண்டும் சோல் வந்து சேர்ந்த சில நாளில் இறந்தார். ஹான் நதிக்கரையில் யாங்ஹ்வாஜின் மிஷனரி கல்லறையில் இருக்கிறார்.

ப்ரோவோ பையனின் சபை கொரியாவுக்குப் போனது மிகவும் பிந்தி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சத்துணவியல் படிக்கப் போன கிம் ஹோ-ஜிக் என்ற அறிஞர் 1951இல் சபையில் ஞானஸ்நானம் பெற்று ஊர் திரும்பினார், பிறகு கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். 1956இல் முதல் இரண்டு இளம் ஊழியர்கள் வந்தார்கள். மோர்மன் புத்தகம் கொரியனில் வந்தது 1967இல், சோல் ஆலயம் 1985இல்.

இன்றைய கொரியா அவனை மாலையோடு வரவேற்பதில்லை. 2015 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 56 சதவீதம் பேர் தங்களுக்கு மதமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். புராட்டஸ்டண்டுகள் ஏறத்தாழ 20 சதவீதம். அவர்களின் பெரிய சபைகள் பலவற்றின் பார்வையில் இவன் சபை ‘இதான்’, அதாவது போலிப் போதனை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கீழ்வாசல் பூட்டியிருக்கும். தெருவில் நிறுத்திப் பேசினால் பெரும்பாலோர் தலைகுனிந்து விலகுவார்கள். அதனால் ஊழியர்கள் சபைக் கட்டடத்தில் இலவச ஆங்கில வகுப்பு நடத்துகிறார்கள். மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வருகிறார்கள், ஆசிரியர் அவர்களிடம் கொரியன் கற்றுக்கொள்கிறார். இரண்டு வருடத்தில் ஒருவரைக்கூடச் சபையில் சேர்க்காமல் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் மார்க்கத்தை ஏற்பது ஏற்காதது வேறு விஷயம். ஆனால் 18 வயதில், தன் பேச்சைக் கேட்கக் காத்திராத ஓர் ஊருக்குப் போய், குழந்தை மாதிரி மீண்டும் பேச்சுப் பழகச் சம்மதிக்கும் அந்தப் பணிவை மதிக்காமல் இருக்க முடியாது.

திரும்பியவர்களில் சிலர் அந்த மொழியை விடுவதே இல்லை. 1960களில் ஊழியத்துக்குப் போன மார்க் பீட்டர்சன், கொரிய வரலாற்றுப் பேராசிரியராகிப் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டு கற்பித்தார். 1970களின் கடைசியில் ஊழியராக வந்த ராபர்ட் ஹோலி, பிற்பாடு வழக்கறிஞராகத் திரும்பி வந்து கொரியக் குடியுரிமை வாங்கினார். நீலக்கண்ணர் ஒருவர் பச்சையான புசான் வழக்கில் பேசுவதைத் தொலைக்காட்சியில் பார்த்து ஒரு தலைமுறைக் கொரியர்கள் சொக்கிப்போனார்கள்.

புசான் வழக்கு ப்ரோவோவில் சொல்லித்தரும் பாடம் அல்ல. அங்கே கற்பது சோல் நகரத்துத் தரமொழி. 9 வாரம் முடிந்து, பசிபிக்கைக் கடந்து, தெற்கே துறைமுகத்து ஊரில் இறங்கும் பையன், ஜாகல்ச்சி மீன் சந்தையில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டிமார் பேசுவதைக் கேட்டு அசையாமல் நிற்பான். சொல் சுருங்கும், குரல் ஏறி இறங்கும். அங்கே ‘காகா காகா?’ என்று ஒரு கேள்வி உண்டு. ஒரே அசை நான்கு தரம். ‘அந்தப் பையன்தானா இவன்?’ என்று பொருள். ஒரு வருடமாக அங்கே இருக்கும் மூத்த கூட்டாளி சிரித்துக்கொண்டே அதைச் சொல்லிக்காட்டுவான். புதியவன் சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்து, நான்கு அசையையும் ஹங்குலில் எழுதி, எது ஏறுகிறது எது இறங்குகிறது என்று மேலே கோடு போட்டுக்கொள்வான்.